ஞானம்மாவின் கழுத்தில் ஒரு அட்டை

படப்பையில் ஞானம்மா டீச்சர் என்றால் எல்லாருக்கும் இரண்டு விஷயம் ஞாபகம் வரும். ஒன்று அவருடைய கொண்டை. காலையில் போட்டால் மாலை வரை ஒரு முடி பிரியாது. கடைசியில் சவப்பெட்டிக்குள் கிடத்தியபோதும் அது கலையாமல்தான் இருந்தது. இன்னொன்று, கட்டை.

கட்டை என்பது உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மரத்துண்டு. மேலே ஒரு ஓட்டை, அதில் சணல் கயிறு. அவர் வேலை பார்த்த இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் வகுப்புக்கு ஒன்று இருந்தது. தமிழ் பேசி அகப்பட்ட பிள்ளையின் கழுத்தில் அதை மாட்டுவார்கள். அந்தப் பிள்ளை, தமிழ் பேசும் வேறொரு பிள்ளையைப் பிடித்துக் காட்டினால் கட்டை கைமாறும். கடைசி மணி அடிக்கும்போது யார் கழுத்தில் தொங்குகிறதோ அந்தப் பிள்ளை மற்றவர்கள் போன பிறகும் இருந்து, வகுப்பைப் பெருக்கி, கரும்பலகையைத் துடைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும்.

ஞானம்மா கொடுமைக்காரி இல்லை. மணிமங்கலத்தில் தமிழில் படித்து, தாம்பரத்துக் கல்லூரியில் பி.ஏ. சேர்ந்தபோது, முதல் ஒரு வருஷம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஒன்றும் புரியாமல் விழித்தவர். கூட இருந்த பெண்கள் சிரிக்கும்போது எதற்கென்று தெரியாமல் தானும் சிரித்தவர். தன்னிடம் படிக்கும் ஒரு பிள்ளையும் அப்படிச் சிரிக்கக்கூடாது என்பது அவருடைய பிடிவாதம். ஒன்றாம் வகுப்பிலேயே கட்டையைப் பழக்கிவிட்டால் பின்னால் கஷ்டமில்லை என்று முழுமனதாக நம்பினார்.

வீட்டிலும் அதே சட்டம்தான். மகள் ஷாரோனோடு இரவுச் சாப்பாட்டின்போது இங்கிலீஷில் மட்டுமே பேச்சு. கணவர் யாக்கோபு ஒரகடத்துப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் கம்பெனி பஸ் ஓட்டினார். அம்மாவும் மகளும் பேசுவதில் பாதி அவருக்குப் புரியாது. தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோவார்.

"எனுக்கும் ஒரு கட்டை செஞ்சி மாட்டிடு ஞானம். பேசாம துன்னுட்டுப் போறதுக்கு ஒரு காரணமாவது இருக்கும்" என்று எப்போதாவது சொல்வார்.

"உங்களுக்கு எல்லாம் கிண்டல்தான். அவ நாளைக்கு இன்டர்வியூல நிக்கும்போது தெரியும்" என்பார் ஞானம்மா.

இரண்டாயிரத்து இரண்டு ஜூனில் அந்தத் தொழிற்சாலைக்குப் புது மிஷின்கள் வந்தன. அவற்றை நிறுவி ஓட்டிக் காட்ட, போலந்திலிருந்து நான்கு என்ஜினீயர்கள் இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் குடும்பத்தோடு வந்தார்கள். கம்பெனி அவர்களுக்குப் படப்பையிலேயே ஒரு தெருவில் வரிசையாக வீடு பிடித்துக் கொடுத்தது. பட்டணத்துப் பெரிய பள்ளிக்கு அனுப்பினால் போகவர மூன்று மணி நேரம். அதனால் பள்ளி வயதுப் பிள்ளைகள் ஐந்து பேரும் ஞானம்மாவின் பள்ளிக்கே வந்தார்கள்.

தாளாளர் சங்கரநாராயணனுக்குக் கால் தரையில் பாவவில்லை. வெளிநாட்டு மாணவர்கள் பயிலும் பள்ளி என்று மறுநாளே நோட்டீஸ் அடித்துவிட்டார்.

"இனிமே நம்ம பசங்களுக்கு இங்கிலீஷ் காத்துலயே வந்துடும் டீச்சர்."

முதல் நாள் மத்தியானம் ஞானம்மா அவர் அறைக்குப் போனார். "சார், அதுங்களுக்கு இங்கிலீஷ் தெரியல சார்."

"என்ன டீச்சர் சொல்றீங்க? வெள்ளைக்காரப் பிள்ளைங்க!"

"போலந்து சார். அவங்க பேசுறது போலிஷ். நம்ம பசங்களுக்காவது ஏ பி சி டி தெரியும். இதுங்க வாட் இஸ் யுவர் நேம்னா என் மூஞ்சியப் பாக்குதுங்க."

தாளாளர் மேசைமேல் அடுக்கியிருந்த நோட்டீஸ் கட்டுகளைப் பார்த்தார். "அடிச்சாச்சே டீச்சர். நீங்கதான் எப்படியாவது தேத்திவிடணும்."

ஞானம்மாவின் வகுப்புக்கு வந்தவள் ஹான்கா. ஐந்தரை வயது. பஞ்சுபோல வெளுத்த தலைமுடி, முழங்காலில் எப்போதும் ஒரு சிராய்ப்பு. இடைவேளையில் மூன்றாம் வகுப்பிலிருந்த பக்கத்து வீட்டு ஓலாவைத் தேடிப் போய் அவர்கள் பாஷையில் கடகடவென்று பேசுவாள். மூன்றாம் நாளே கட்டை வைத்திருந்த பிள்ளை ஹான்காவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தது.

"மிஸ், ஷீ ஈஸ் நாட் ஸ்பீக்கிங் இங்கிலீஷ் மிஸ்."

"டமிலும் இல்ல மிஸ்" என்று இன்னொன்று நியாயம் பேசியது. அதற்குள் முதல் பிள்ளை கட்டையைக் கழற்றி நீட்டிக்கொண்டு நின்றது.

ஞானம்மா ஒரு கணம் யோசித்தார். சட்டம் என்றால் எல்லாருக்கும் ஒன்றுதான். ஹான்காவின் கழுத்தில் கட்டை ஏறியது. அது எதற்கு என்று அவளுக்குத் தெரியவில்லை. பரிசு என்று நினைத்தோ என்னவோ, அன்று முழுவதும் அதைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மணி அடித்து எல்லாரும் போனபின் கையில் துடைப்பத்தைக் கொடுத்தபோதுதான் புரிந்தது. அந்த மாதம் மூன்று முறை அவள் பெருக்கினாள். அதன்பிறகு ஓலா கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பதில்லை.

மாதக் கடைசியில் ஹான்காவின் அப்பா தோமாஷ் வந்தார். தடுக்கித் தடுக்கி இங்கிலீஷ் பேசுவார். பிள்ளை பின்தங்கியிருக்கிறாளா என்று கேட்டார். எல்லாப் பெற்றோரிடமும் சொல்வதைத்தான் ஞானம்மா அவரிடமும் சொன்னார். வீட்டிலும் இங்கிலீஷிலேயே பேசுங்கள். உங்கள் பாஷை எங்கே போய்விடும்? அது தானாக இருக்கும். ஒரு வருஷத்தில் பாருங்கள்.

தமிழ்ப் பெற்றோர் இதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, வீட்டுக்குப் போய் வழக்கம்போலத் தமிழில் திட்டுவார்கள். தோமாஷ் மிஷின் ஆள். எழுதிக் கொடுத்த அளவில் ஒரு நூல் கூடக் குறையாமல் பொருத்துகிறவர். அன்று மாலையே வீட்டில் போலிஷ் நின்றது. அவர் மனைவி மாக்தாவுக்கு இங்கிலீஷில் குட் மார்னிங்குக்கு மேல் எதுவும் தெரியாது.

ஒரு வருஷத்தில் ஹான்கா நன்றாக இங்கிலீஷ் பேசினாள். ஆண்டுவிழாவில் மைக் முன்னால் நின்று வரவேற்புரை சொன்னாள். தாளாளர் அடுத்த நோட்டீஸில் அவள் படத்தைப் போட்டார். இதற்கு நடுவே யாரும் சொல்லிக்கொடுக்காமல் தமிழும் கற்றுக்கொண்டாள். அதுவும் எந்தத் தமிழ்! பக்கத்துத் தெருவில் சங்கரன்கோவிலிலிருந்து வேலைக்கு வந்த குடும்பம் ஒன்று இருந்தது. அவர்கள் மகள் சுகப்பிரியாதான் ஹான்காவுக்குக் கூட்டாளி. ஒரு நாள் யாக்கோபு பஸ்ஸை நிறுத்திவிட்டு வரும்போது தெருவில் பாண்டி ஆடிக்கொண்டிருந்த ஹான்கா, "ஏட்டி, கோட்ட மிதிச்சிட்ட, நீ அவுட்டு!" என்று கத்தியதைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"இன்னா ஞானம், திருநெல்வேலி வெள்ளைக்காரி ஒண்ணு நம்ம தெருவுல கீது!"

பள்ளிக்கு வெளியே, தெருவில் பேசிய தமிழுக்காக ஹான்கா ஒரு முறைகூட அகப்படவில்லை.

இரண்டாயிரத்து நான்கு பொங்கல் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாக்தா ஹான்காவைத் தூக்கிக்கொண்டு ஞானம்மா வீட்டுக்கு ஓடிவந்தாள். தோமாஷ் தொழிற்சாலையில் இருந்தார். பிள்ளை சுவர்மேல் ஏறி விழுந்திருக்கிறாள். முகம் வெளுத்திருந்தது. அழுகை மட்டும் இல்லை. அம்மா என்னென்னவோ கேட்கிறாள், மகள் உதட்டைக் கடித்துக்கொண்டு இருக்கிறாள். ஞானம்மா குனிந்து, "வாட் ஹாப்பண்டு ஹான்கா?" என்றார். வலியில் அவளுக்கு இங்கிலீஷ் வரவில்லை.

"மிஸ், இங்கன வலிக்கி மிஸ். கைய மடக்க முடியல."

மாக்தா மகள் வாயையும் ஞானம்மா வாயையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு ஞானம்மாவின் முழங்கையைத் தொட்டு, புருவத்தை உயர்த்தி, என்ன சொல்கிறாள் என்று சைகையால் கேட்டாள். பெற்ற மகள் சொன்னதை, தாய்க்கு ஞானம்மா தன் கையை மடக்கிக் காட்டி விளக்க வேண்டியிருந்தது.

யாக்கோபு ஆட்டோ பிடித்தார். எலும்பில் சின்ன விரிசல். மாவுக்கட்டுப் போட்டு உட்கார்ந்திருந்தபோது ஞானம்மா மெதுவாகக் கேட்டார். "அம்மா கேட்டாங்க இல்ல, அவங்ககிட்ட ஏன் சொல்லல?"

"போலிஷ் பேசுனா கட்ட மாட்டுவாவ."

"யாரு?"

"நீங்கதான் மிஸ்."

மறுநாள் மாலை ஞானம்மா தோமாஷ் வீட்டுக்குப் போனார். இங்கிலீஷ் தெரிந்த பக்கத்து வீட்டு பெயாத்தா, அதாவது ஓலாவின் அம்மா, நடுவில் உட்கார்ந்து பேச்சை மாற்றிக் கொடுத்தாள். நான் சொன்னது தப்பு, வீட்டில் உங்கள் பாஷையைப் பேசுங்கள் என்றார் ஞானம்மா.

"நீங்கள் டீச்சர். நீங்கள் சொன்னீர்கள், நான் செய்தேன்" என்றார் தோமாஷ்.

அதில் கோபம்கூட இல்லை. அதுதான் ஞானம்மாவுக்குத் தாங்கவில்லை.

மாக்தா சொன்னதை பெயாத்தா இங்கிலீஷில் சொன்னாள். மே கடைசியில் ஊருக்குத் திரும்புகிறோம். அங்கே செப்டம்பரில் பள்ளி. பள்ளி கிடக்கட்டும். ஒன்றரை வருஷமாக என் மகள் என்னோடு ஒரு வாக்கியம் பேசவில்லை. ஆமாம், இல்லை என்று தலையாட்டுகிறாள். நான் சொல்வது அவளுக்குப் புரிகிறதா, மறந்துவிட்டதா என்றே எனக்குத் தெரியவில்லை. வீட்டில் வெறுமனே பேசச் சொன்னால் வராது. மற்ற பிள்ளைகளோடு சேர்த்து உட்கார வைக்க ஓர் இடம் வேண்டும்.

தாளாளரிடம் சனிக்கிழமை ஒரு வகுப்பறை கேட்டார் ஞானம்மா. "இங்கிலீஷ் மீடியம்னு போர்டு வெச்சுகிட்டு உள்ள இதை நடத்துனா பேரன்ட்ஸ் என்ன சொல்லுவாங்க?" என்று அவர் கையை விரித்தார். பிறகு ஞானம்மா மாதா கோயில் பங்குச் சாமியாரிடம் போனார். ஞாயிறு பூசைக்கு அந்த நாலு குடும்பமும் தவறாமல் வந்து, தமிழ்ப் பூசை முழுவதும் ஒன்றும் புரியாமல் சரியான இடத்தில் முழந்தாளிட்டு எழுவதைச் சாமியார் பார்த்திருந்தார். மறைக்கல்வி நடக்கும் அறையின் சாவியை உடனே கொடுத்தார்.

பிப்ரவரி முதல் சனிக்கிழமை வகுப்பு தொடங்கியது. பள்ளிக்குப் போகும் ஐந்து பேர், போகாத இரண்டு சிறுசுகள், ஆக ஏழு பேர். ஊரிலிருந்து தபாலில் வந்த எழுத்துப் புத்தகம் ஒன்று, அதன் ஜெராக்ஸ் ஏழு. அம்மாக்கள் முறைவைத்து நடத்தினார்கள். பெரும்பாலும் மாக்தா. பாடம் என்று பெரிதாக இல்லை. இந்த வாரம் என்ன சாப்பிட்டாய், யாரோடு சண்டை போட்டாய் என்று ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். அப்புறம் எழுத்து, அப்புறம் பாட்டு. ஞானம்மா காலையிலேயே போய் அறையைப் பெருக்கி, பாய் விரித்து, குடத்தில் தண்ணீர் வைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்துகொள்வார்.

ஹான்காவின் முறை வரும்போதெல்லாம் அவள் வாசற்படியைப் பார்ப்பாள். பார்த்துவிட்டு வாயை மூடிக்கொள்வாள்.

மூன்றாவது வாரம்தான் ஞானம்மாவுக்கு உறைத்தது. மறு சனிக்கிழமை பாய் விரித்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். அன்றும் பேசவில்லையாம். மிஸ் ஜன்னலுக்குப் பின்னால் நிற்கிறார்களா என்று எட்டி எட்டிப் பார்த்தாளாம். நீங்கள் வெளியே போனாலும் பயன் இல்லை, உள்ளே வந்து பிள்ளைகளோடு உட்காருங்கள் என்று மாக்தா சொல்லியனுப்பினாள்.

அப்படித்தான் நாற்பத்தாறு வயதில் ஞானம்மா பாயில் சம்மணமிட்டு, மடியில் ஜெராக்ஸ் தாளோடு போலிஷ் வகுப்பில் உட்கார்ந்தார். எழுத்து பார்க்க இங்கிலீஷ் மாதிரியே இருக்கும், வாயில் வேறு மாதிரி வரும். அவர் படிக்கும்போது பிள்ளைகள் உருண்டு உருண்டு சிரித்தார்கள். ஹான்கா சிரிக்கவில்லை. ஆனால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை அறைக்குள் புது விளையாட்டு ஒன்று வந்திருந்தது. ஓலா காலண்டர் அட்டையை வெட்டி, நூல் கோத்துக் கொண்டுவந்திருந்தாள். இந்த அறையில் இங்கிலீஷோ தமிழோ பேசினால் அட்டை. அம்மாக்களுக்கு அது என்னவென்று தெரியாது. ஏதோ விளையாட்டு என்று விட்டுவிட்டார்கள். ஞானம்மாவுக்குத் தெரியும். நிறுத்தச் சொல்ல அவருக்கு நா எழவில்லை. எந்த முகத்தோடு சொல்வது?

பாடம் நடந்துகொண்டிருந்தபோது ஒரு நாய் உள்ளே நுழைந்து தண்ணீர்க் குடத்தில் வாய் வைத்தது. "ஏய், ச்சீ போ! சனியன், கோயில்னுகூடப் பாக்காம வந்துடுது பாரு!" என்றார் ஞானம்மா.

ஹான்கா எழுந்து நின்றாள். அம்மாவைப் பார்த்து, வேகமாக, ஒரு முழு வாக்கியம் சொன்னாள். அதன் அர்த்தத்தை பெயாத்தா பிறகுதான் சொன்னாள். "அம்மா, டீச்சர் தமிழ் பேசிட்டாங்க, அட்டைய அவங்களுக்கு மாட்டணும்."

மாக்தா கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தாள். சாக்பீஸ் இரண்டாக உடைந்தது. திரும்பினால் எங்கே பேச்சு நின்றுவிடுமோ என்று, பலகையைப் பார்த்தபடியே ஒரே ஒரு சொல் பதில் சொன்னாள். சரி, மாட்டு என்றிருக்க வேண்டும். ஹான்கா வந்து, கொண்டையில் நூல் சிக்காமல் பார்த்து, ஞானம்மாவின் கழுத்தில் அட்டையை மாட்டினாள்.

காகித எடைதான். ஆனால் அதன்பிறகு வாயைத் திறக்க ஞானம்மாவுக்குப் பயமாக இருந்தது. அவரிடம் இருந்ததோ பத்துப் பன்னிரண்டு போலிஷ் வார்த்தை. அதை வைத்து என்ன பேசுவது? உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்தபடியே எல்லார் வாயையும் பார்த்துக்கொண்டிருந்தார். பாடத்தில் அவர் கவனம் இல்லை. யார் வாய் தவறும், யாரிடம் இதைத் தள்ளிவிடலாம் என்று மட்டுமே காது தீட்டியிருந்தது. அரை மணி நேரம் கழித்து, நாலு வயது சோஷா பக்கத்திலிருந்த பிள்ளையிடம், "தண்ணி" என்று முனகினாள். ஞானம்மாவின் விரல் தானாக உயர்ந்து அவளைச் சுட்டியது.

பிள்ளைகள் கைதட்டினார்கள். அட்டை சோஷாவின் கழுத்துக்குப் போனது. அவள் வீறிட்டு அழுதாள். மாக்தா வந்து அட்டையைக் கழற்றி ஜன்னல்மேல் போட்டாள். விளையாட்டு முடிந்தது. ஞானம்மா எழுந்து, தம்ளரில் தண்ணீர் மொண்டு சோஷாவுக்குக் கொடுத்தார். போகும்போது அந்த அட்டையை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை வகுப்பில், "மிஸ், கட்டை?" என்றாள் லீடர்.

"காணோம்."

"பீரோ மேலதான் இருக்கு மிஸ், தெரியுது பாருங்க."

"இருந்தா இருக்கட்டும். நீ உக்காரு."

மற்ற வகுப்புகளில் கட்டை வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்தது. விஷயம் தாளாளர் காதுக்குப் போனது. ஜூனில் ஞானம்மாவை எல்.கே.ஜி.க்கு மாற்றினார். பதினைந்து வருஷ டீச்சருக்கு அது இறக்கம்தான். அவர் போய்ச் சின்னப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். அங்கே அழுகைதான் பாஷை என்பார்.

ஹான்கா ஒரே நாளில் மாறிவிடவில்லை. அட்டை மாட்டியதற்கு அடுத்த வாரமும் மௌனம்தான். பிறகு கோள் சொல்ல மட்டும் வாய் திறந்தாள். ஓலா பென்சிலை எடுத்துவிட்டாள், சோஷா துப்பினாள், டீச்சர் தப்பாகப் படிக்கிறார். முதலில் வந்த போலிஷ் எல்லாம் புகார். மே முதல் வாரத்தில் பெயாத்தா சிரித்துக்கொண்டே ஒரு செய்தி சொன்னாள். அதை ஞானம்மா வீட்டில் சொன்னார்.

"சூப்பு நல்லா இல்லைன்னு அம்மாகிட்டச் சொன்னாளாம். பொண்ணு சமையலக் குறை சொன்னதுக்கு அழுது சந்தோஷப்பட்ட பொம்பளைய இப்பதான் பாக்குறேன்."

"அப்ப நானும் உன் கொழம்பப் பத்தி ரெண்டு வார்த்த சொல்லட்டுமா?" என்றார் யாக்கோபு.

"நீங்க கம்முனு சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு ஞானம்மா நிறுத்தினார். பிறகு, "இல்ல, சொல்லுங்க" என்றார். யாக்கோபு அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

மே இருபத்தெட்டாம் தேதி காலை கம்பெனி வேனை எடுத்துக்கொண்டு அவர்களை மீனம்பாக்கத்தில் விடப் போனவர் யாக்கோபுதான். ஞானம்மா தெருமுனை வரை வந்து நின்றார். சுகப்பிரியா அழுதாள். ஹான்கா அவளிடம் திருநெல்வேலித் தமிழில், "அழாதட்டி, லெட்டர் போடுதேன்" என்றாள். ஞானம்மாவிடம் தேங்க் யூ மிஸ் என்று இங்கிலீஷில் சொன்னாள். வேன் திரும்பி மறையும்வரை, ஜன்னலில் அம்மாவும் மகளும் பேசிக்கொள்கிறார்களா என்று ஞானம்மா எட்டிப் பார்த்தார். கண்ணாடியில் வெயில் அடித்ததில் ஒன்றும் தெரியவில்லை.

யாக்கோபு மாலைதான் திரும்பினார். ஷாரோன் கல்லூரி லீவுக்கு வந்திருந்தாள். மூவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். ஞானம்மா சோறு போடாமல், கரண்டியைக் கையில் வைத்தபடியே கேட்டார்.

"பேசினாளா?"

"யாரு?"

"ஹான்காதான். அவங்கம்மாகிட்ட. வேன்ல."

"பேசினாளாவா! மணிமங்கலம் தாண்டுறதுக்குள்ள ஆரம்பிச்சது. ஏர்போர்ட் வரிக்கும் ரெண்டு பேர் வாயும் மூடல. சண்டை. அந்தம்மா ஒண்ணு சொன்னா இது ஒம்போது சொல்லுது. ஒரு தபா நான் ஒதுங்கி வண்டிய நிறுத்தவான்னு கேட்டேன், அப்பிடிச் சத்தம்."

"எதுக்குச் சண்டை?"

"எனுக்கு இன்னா தெரியும்? நம்ம வூட்லயே பாதி புரியாது."

ஷாரோன் சிரித்துவிட்டாள். "எதுக்கு இருக்கும்னு நீங்களே சொல்லுங்கப்பா" என்றாள், தமிழில்.

யாக்கோபு ஞானம்மாவைப் பார்த்தார். ஞானம்மா தட்டில் சோறு போட்டுக்கொண்டிருந்தார். தடை ஏதும் வரவில்லை. யாக்கோபு கையைத் துடைத்துக்கொண்டு, வண்டிக் கண்ணாடியில் தான் பார்த்ததை வைத்து, தாம்பரம் சிக்னலில் அந்தப் பெண் ஜன்னல் பக்கத்து சீட்டு கேட்டு அழிச்சாட்டியம் செய்த கதையை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். சொல்லி முடிப்பதற்குள் சோறு ஆறிப்போயிருந்தது.